டால்மேஷியக் கடலில் ஒரு வாரப் படகுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இருப்பது மியூனிக்கில். 2016 தொடங்கி ஐந்து கோடைகளில் குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையோரம் வாடகைப் பாய்மரப் படகில் சுற்றியிருக்கிறேன். முதல் இரண்டு முறை ஸ்கிப்பரோடு (படகை ஓட்ட அமர்த்தும் ஆள்), அப்புறம் லைசென்ஸ் எடுத்து இரண்டு முறை நானே ஓட்டி, கடைசியாக 2024-ல் அம்மாவும் அத்தையும் வந்ததால் மறுபடியும் ஸ்கிப்பரோடு.

வாட்ஸப்பில் ஒரு போட்டோ போட்டால் போதும், சென்னையில் இருக்கும் அத்தை பையன் முதல் சிங்கப்பூர் நண்பன் வரை அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

யாட் எல்லாம் கோடீஸ்வரங்க சமாச்சாரம் இல்லையா? நமக்குக் கட்டுப்படியாகுமா?

சினிமாவில் வருகிற மூன்று மாடி வெள்ளைப் படகை மறந்துவிடுங்கள். நான் சொல்வது 40 முதல் 46 அடி நீளமுள்ள பாய்மரப் படகு. உள்ளே மூன்று நான்கு சின்ன அறைகள், இரண்டு கழிப்பறை, ஒரு குட்டிச் சமையலறை. காற்று இல்லாத நேரத்துக்கு ஒரு டீசல் என்ஜின். ஸ்பிளிட், ட்ரோகிர் நகரங்களின் பக்கத்து மரீனாக்களில், அதாவது படகு நிறுத்தும் துறைகளில், இப்படி நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை ஒரு வாரக் கணக்கில்தான் வாடகைக்குக் கொடுப்பார்கள்.

2024 ஜூன் தொடக்கத்தில் ஏழு பேர் போன கணக்கைச் சொல்கிறேன். படகு வாடகை 3,200 யூரோ. ஸ்கிப்பருக்கு ஒரு நாளைக்கு 200 வீதம் 1,400. துப்புரவுக்கும் படுக்கை விரிப்புக்கும் 250. இரவு நிறுத்துமிடங்களுக்கு 450. டீசல் 160. படகில் சமைத்த சாமான்களுக்கு 640. மொத்தம் 6,100. தலைக்குச் சுமார் 870 யூரோ. விமான டிக்கெட்டும் கரையில் சாப்பிட்டதும் தனி. சும்மா வந்துவிடும் செலவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதே வாரம் ஹ்வார் தீவில் கடலைப் பார்த்த ஹோட்டல் அறையின் விலையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஒரு விஷயம் பலருக்கும் பிடிபடுவதில்லை. ஸ்கிப்பர் வைத்தால் அவருக்கும் ஒரு படுக்கை வேண்டும், சாப்பாடும் நம்முடையது. எட்டுப் பேர் படுக்கும் படகில் நீங்கள் ஏழு பேர்தான்.

அது என்ன டால்மேஷியா? கிரீஸ் போனா ஆகாதா?

தாராளமாக ஆகும். டால்மேஷியா என்பது ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில் ஒரு பகுதி. சிறு பாறைகளையும் சேர்த்து எண்ணினால் குரோவேஷியாவுக்கு ஆயிரத்து இருநூறுக்கு மேல் தீவுகள், அவற்றில் மக்கள் குடியிருப்பவை ஐம்பதுக்கும் குறைவு. கரையை ஒட்டியே சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக எழும்புகின்றன. தீவுகளும் கடலில் முழுகிய மலைத்தொடரின் வெளியே தெரியும் முகடுகள்தான், அதனால் கரைக்கு இணையாக நீளவாட்டில் கிடக்கின்றன. திறந்த கடலின் அலை உள்ளே வராமல் அவையே தடுத்துவிடுகின்றன. ஒரு தீவிலிருந்து அடுத்தது இரண்டு மூன்று மணி நேரம். முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிடச் சாதுவான கடல் கிடைப்பது கஷ்டம். கிரீஸில் அயோனியன் தீவுகளும் இப்படித்தான். ஆனால் ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வீசும் மெல்டெமி காற்று புதியவர்களுக்கு ஏற்றதல்ல.

எனக்கு நீச்சலே தெரியாது. வரலாமா?

வரலாம். என் அம்மாவுக்கும் தெரியாது. படகு ஓடும்போது லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றக்கூடாது, இரவில் மேல்தளத்துக்குத் தனியாக வரக்கூடாது. இந்த இரண்டையும் எங்கள் ஸ்கிப்பர் முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார், அம்மாவும் கேட்டுக்கொண்டார். நங்கூரம் போட்ட பிறகு பின்பக்க ஏணியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தார். ஆறேழு மீட்டர் ஆழத்திலும் அடியில் கிடக்கும் கல் தெரியும் தண்ணீர் அது.

இறங்குகிறவர்கள் ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள். கரையோரப் பாறைகளில் கடல் முள்ளெலி கூட்டமாக ஒட்டியிருக்கும். மிதித்தால் முள்ளை ஊசியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஓட்ட லைசென்ஸ் வேணுமா? கார் லைசென்ஸ் போதாதா?

போதாது. நீங்களே ஓட்டுவதென்றால் குரோவேஷியா ஏற்கும் படகோட்டிச் சான்றிதழ் வேண்டும், கூடவே விஎச்எஃப் ரேடியோ இயக்கும் சான்றிதழும் வேண்டும். எந்தெந்த நாட்டுச் சான்றிதழ் செல்லும் என்று அந்நாட்டுக் கடல்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஐசிசி என்ற சர்வதேசப் படகோட்டிச் சான்றிதழ், பிரிட்டனின் ஆர்ஒய்ஏ டே ஸ்கிப்பர் போன்றவை பரவலாகச் செல்லுபடியாகும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

குரோவேஷியத் துறைமுக அலுவலகமே தேர்வு வைத்து ‘பி’ பிரிவுச் சான்றிதழ் தருகிறது. அதை வைத்துச் சட்டப்படி 46 அடி படகை எடுத்துவிடலாம். ஆனால் தேர்வு பாஸானதும் காற்றடிக்கும் மாலையில் நெரிசலான மரீனாவுக்குள் படகைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். கையில் தாள் இருந்தும் அனுபவம் இல்லையென்றால் முதல் முறை ஸ்கிப்பர் வையுங்கள். அந்த ஏழு நாளும் அவர் பக்கத்தில் நின்று பார்ப்பதே பெரிய படிப்பு.

மோனோஹல்லா, கட்டமரானா?

கட்டமரான் என்ற சொல்லே நம்ம கட்டுமரம்தான், அதற்காகவாவது எடுக்கலாம் என்று ஒரு நண்பர் வாதாடினார். இரண்டு உடல் கொண்ட படகு சாயாது, ஆடுவது குறைவு, உட்கார இடம் தாராளம். வயதானவர்கள், சின்னக் குழந்தைகள் இருந்தால் அதுதான் வசதி. ஆனால் வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு, மரீனாவிலும் கூடுதலாகக் கேட்பார்கள். சின்னத் துறைமுகங்களில் அவ்வளவு அகலத்துக்கு இடமும் கிடைக்காது.

எனக்குப் பிடித்தது ஒற்றை உடல் படகு. காற்று பிடித்ததும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு போகும் அந்தச் சுகம் கட்டமரானில் கிடையாது. பணம் ஒரு பொருட்டில்லை என்கிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எந்த மாசம் போறது நல்லது?

ஜூன், அல்லது செப்டம்பரின் முதல் மூன்று வாரங்கள். மே மாதத்தில் தண்ணீர் 18 டிகிரி பக்கம் இருக்கும், நம்மவர்கள் கால் வைத்ததும் ஓடி வந்துவிடுவார்கள். ஆகஸ்டில் 25 டிகிரி வரை போகும். ஆனால் அந்த மாதம் பாதி ஐரோப்பாவும் அங்கேதான் இருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் படகைக் கட்ட மிதவை கிடைக்காது, வாடகையும் உச்சத்தில். பள்ளி விடுமுறையால் மே, ஜூலை தவிர வேறு வழியில்லை என்கிறவர்கள் ஜூலை முதல் வாரத்தைப் பிடியுங்கள்.

விசா?

2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, பணமும் யூரோதான். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். படகில் ஏறுகிற ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பயணிகள் பட்டியலில் முன்கூட்டியே பதிவாகும், அதனால் ‘கடைசி நேரத்தில் தம்பியும் வருகிறான்’ என்பது நடக்காது.

ஒரு வாரத்துல எத்தனை தீவு பார்க்கலாம்? நான் பன்னிரண்டு லிஸ்ட் போட்டிருக்கேன்.

லிஸ்ட்டைக் கிழித்துப் போடுங்கள். மூன்று, மிஞ்சினால் நாலு. படகின் வேகம் ஆறு நாட், அதாவது மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். சைக்கிள் வேகம். ஒரு நாளைக்கு இருபது கடல் மைல் என்றால் மூன்றரை மணி நேரம் ஓட்டம். அதற்கு மேல் போட்டால் குளிக்கவும் நேரமிருக்காது, ஊர் பார்க்கவும் நேரமிருக்காது.

நாங்கள் இரண்டு முறை போன வழி இது. சனிக்கிழமை மாலை படகு கைக்கு வரும், சாமான் ஏற்றி அங்கேயே தூங்குங்கள். ஞாயிறு பிராச் தீவின் மில்னா, பத்துப் பதினொரு மைல்தான். மூன்று பக்கமும் மூடிய குடா, பழகிக்கொள்ள நல்ல இடம். திங்கள் நேராக விஸ் தீவு. யூகோஸ்லாவிய ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவரை அங்கே அனுமதித்ததில்லை, அதனாலேயே இன்னும் பெரிய ஹோட்டல்கள் முளைக்காமல் இருக்கிறது. அங்கே இரண்டு இரவு இருங்கள், மலையைக் குடைந்த நீர்மூழ்கிப் பதுங்கிடங்களை ஒரு மாலை போய்ப் பார்க்கலாம். புதன் ஹ்வார் ஊருக்கு எதிரே இருக்கும் பக்லெனி தீவுகள். படகைப் பால்மிஷானா மரீனாவில் விட்டுவிட்டு வாட்டர் டாக்ஸியில் ஹ்வார் போய்வருவது நல்லது, ஊர்த் துறைமுகத்தில் சுற்றுலாப் படகுகளின் அலை ராத்திரி முழுக்கத் தூளி ஆட்டும்.

வியாழன் அதே ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராட். பாரோஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 384-ல் அமைத்த ஊர். அவர்கள் அளந்து பிரித்த வயல் வரப்புகள் இன்றும் கல்சுவர்களாக நிற்கின்றன, அதே நிலத்தில் இன்றும் திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. யுனெஸ்கோ 2008-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சைக்கிள் வாடகைக்கு எடுத்து அந்த வரப்புகளுக்கு நடுவே போய்வாருங்கள். வெள்ளி மதியம் ஸ்பிளிட் திரும்ப வேண்டும்.

டுப்ரோவ்னிக் போகாம குரோவேஷியா போனேன்னு எப்படிச் சொல்றது?

ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போய்த் திரும்புவது இருநூறு கடல் மைலுக்கு மேல். மேலே சொன்ன சைக்கிள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சிலர் ஒரு வழிப் பயணமாக எடுக்கிறார்கள், அதற்கு நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கும். என் யோசனை: படகை ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸிலோ காரிலோ போங்கள். 2022-ல் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு நடுவில் போஸ்னிய எல்லையைக் கடக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கையில் இருந்தால் கதை வேறு. கோர்ச்சுலா, மிலியெட் தீவுகளை அவசியம் பாருங்கள். கோர்ச்சுலாவில் ஒரு வீட்டைக் காட்டி மார்க்கோ போலோ பிறந்தது இங்கேதான் என்பார்கள், வெனிஸ்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம்ம காயல்பட்டினத்துப் பக்கம் வந்து முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்ன அதே மனிதர்தான், அதனால் நான் மரியாதைக்கு ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். மிலியெட்டில் நடந்து போகும்போது புதரிலிருந்து ஒரு கீரிப்பிள்ளை ஓடினால் கண்ணைக் கசக்க வேண்டாம், கீரியேதான். பாம்புத் தொல்லை தாங்காமல் 1910-ல் கொண்டுவந்து விட்ட இந்தியக் கீரிகளின் வம்சம். பாம்பு குறைந்தது, அப்புறம் பறவைகளையும் கோழிகளையும் தின்ன ஆரம்பித்தன.

காத்து அடிச்சா பயமா இருக்காதா? கடல் எப்போ மோசமாகும்?

கேட்கிறவர்கள் குறைவு, ஆனால் எனக்கு இதுதான் முதல் கேள்வி. நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதுபோல அவர்களும் வைத்திருக்கிறார்கள். நாலு பெயர் தெரிந்தால் போதும்.

மாஎஸ்த்ரால் வடமேற்கிலிருந்து வரும் கோடைக் கடல்காற்று. காலை பத்து பதினொரு மணிக்கு மெல்லத் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கு உச்சத்துக்கு வந்து, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். பாய் விரிப்பவர்களின் நண்பன். யூகோ தென்கிழக்குக் காற்று. ஈரமும் புழுக்கமுமாக, வானம் மூடிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் நின்று வீசும். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் பெரிய அலை எழுப்பும். அந்த நாட்களில் ஊர்க்காரர்களே சிடுசிடுவென்று இருப்பார்கள். பூரா என்பது வடகிழக்கிலிருந்து மலையைத் தாண்டி விழும் குளிர்ந்த, உலர்ந்த காற்று. வானம் பளிச்சென்று இருக்கும், அதுதான் ஏமாற்று. குளிர்காலத்தில்தான் அதன் முழு வெறி. கோடையில் வந்தால் பெரும்பாலும் ஒரு நாளில் போய்விடும், ஆனால் விட்டு விட்டு அறைவது போல வரும். மலையுச்சியில் தொப்பி போட்ட மாதிரி வெள்ளை மேகம் உட்கார்ந்தால் ஸ்கிப்பர்கள் நங்கூரத்தை மறுபடி பார்ப்பார்கள். நாலாவது நெவேரா, மேற்கிலிருந்து திடீரென்று வரும் கோடை இடிமழை. ஒரு மணி நேரத்தில் வந்து, அடித்து, போய்விடும்.

இரவு எங்கே தங்குவது என்பதை இந்தக் காற்றுதான் தீர்மானிக்கும். விஸ் ஊர்க் குடா வடகிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது, அதனால் பூரா காற்று அடிக்கும் நாளில் அங்கே தூக்கம் வராது. அதே தீவின் மறுபக்கம் கோமிஷா மேற்கைப் பார்த்திருக்கிறது. தெற்கு, மேற்கு அலை வரும் நாளில் அங்கே நிற்கக்கூடாது. வானிலை அறிக்கையைக் காலையும் மாலையும் பாருங்கள், குரோவேஷிய வானிலைத் துறையின் கடல் அறிக்கை ஆங்கிலத்திலும் வருகிறது.

ராத்திரி படகை எங்க நிறுத்துவீங்க? நடுக்கடல்லயா?

இல்லை. மூன்று வழி இருக்கிறது. மரீனா அல்லது ஊர்ப் படித்துறை: கரண்ட், தண்ணீர், குளியலறை எல்லாம் உண்டு, விலையும் உண்டு. ஜூனில் 45 அடிக்கு நாங்கள் நூறு யூரோவை ஒட்டிக் கொடுத்தோம். அடுத்தது மிதவை: குடாவில் கட்டிவைத்திருக்கும் மிதவையில் கயிற்றைக் கோத்துவிடலாம், மாலையில் ஒருவர் படகில் வந்து காசு வாங்குவார். மூன்றாவது சொந்த நங்கூரம்.

படித்துறையில் நிறுத்துவதுதான் பார்க்க வேண்டிய காட்சி. கரைக்குப் பக்கவாட்டில் அணைக்க இடம் கிடையாது. பின்பக்கம் கரையைப் பார்க்கும்படி படகைப் பின்னோக்கியே செலுத்த வேண்டும். இரண்டு பக்கமும் ஏற்கெனவே படகுகள், நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. ஆளுக்கொரு ஃபெண்டரை, அதாவது அந்தக் காற்றடைத்த பந்தை, பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். பின்பக்கம் இரண்டு பேர் கயிற்றோடு. காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் வீச வேண்டும். கரையில் நிற்பவர் கடலடியில் கட்டியிருக்கும் ஒரு கயிற்றின் நுனியை எடுத்துத் தருவார். பாசியும் சேறுமாக வழவழவென்று இருக்கும், சிப்பி ஓடு கையைக் கீறும், கையுறை போடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டு வழியாக முன்னால் ஓடி, இழுத்துக் கட்டினால்தான் படகு கரையில் மோதாது. பக்கத்துப் படகுக்காரர்கள் ஒயின் கிளாஸோடு வேடிக்கை பார்ப்பார்கள். அடுத்த நாள் நீங்களும் பார்ப்பீர்கள்.

நங்கூரம் போட்டுத் தூங்கினா படகு நகர்ந்து போயிடாதா?

சரியாகப் போடாவிட்டால் போகும். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இருபத்தைந்து மீட்டர் சங்கிலியாவது விட வேண்டும். நங்கூரத்தின் எடை மட்டும் பிடிப்பதில்லை, தரையில் படுத்துக் கிடக்கும் சங்கிலிதான் அதை மண்ணுக்குள் இழுக்கிறது. அடியில் வெளிறித் தெரிவது மணல், அங்கே போடுங்கள். கருத்துத் தெரிவது பொசிடோனியா என்ற கடற்புல். அதில் நங்கூரம் பிடிக்காது, புல்லும் பெயர்ந்து நாசமாகும். போட்ட பிறகு என்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து நேரில் ஒரு தடவை பார்த்துவிடுவது என் வழக்கம்.

2019-ல் பிராச்சின் தெற்குப் பக்கம் ஒரு சின்னக் குடாவில் சோம்பேறித்தனமாகப் பதினைந்து மீட்டர் சங்கிலியோடு விட்டுவிட்டேன். இரவு இரண்டரைக்குப் பூரா காற்று இறங்கியது. படுக்கையில் இருந்தபடியே காதில் விழுந்தது, சங்கிலி பாறையில் உரசும் கரகரப்பு. மேலே வந்து பார்த்தால், தூங்கும்போது பைன் மரத்துக்கு நேரே தெரிந்த விளக்கு இப்போது மரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்கிறது. என்ஜினைப் போட்டு, நங்கூரத்தை ஏற்றி, மறுபடி நாற்பது மீட்டர் விட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து தூங்கப் போகுமுன் கரையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பொருளை நேர்கோட்டில் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு பஸ்லயே வாந்தி வரும்.

முதல் நாள் கொஞ்சம் தலை சுற்றலாம், பெரும்பாலானவர்களுக்கு இரண்டாம் நாள் சரியாகிவிடும். படகு ஓடும்போது கீழே அறைக்குள் போகாதீர்கள், போனைப் பார்க்காதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, திகட்டச் சாப்பிட்டதும் ஆகாது. சுக்கு, இஞ்சி மிட்டாய் சிலருக்குக் கேட்கிறது. மாத்திரை போடுவதென்றால் டாக்டரைக் கேட்டு, வாந்தி வந்த பிறகல்ல, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். சுக்கானைக் கையில் கொடுத்துவிட்டால் பாதிப் பேருக்கு மயக்கம் போய்விடும், இது நான் கண்ட மருந்து.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? நாங்க சைவம்.

காலையும் மதியமும் படகில், இரவு கரையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். அடுப்பு ஊஞ்சல் மாதிரித் தொங்கும், படகு சாய்ந்தாலும் பாத்திரம் நேராக நிற்கும். அம்மா அதில் குக்கர் வைத்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தார். தாளிப்பு மட்டும் படகு நிற்கும்போது, ஜன்னல்களைத் திறந்துவிட்டு. இல்லாவிட்டால் காய்ந்த மிளகாய் நெடி எல்லா அறையிலும் ஏறி, ஸ்கிப்பர் தும்மிக்கொண்டே வண்டி ஓட்ட வேண்டியதாகும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோங்கள். அரிசி, தக்காளி, வெங்காயம், தயிர் அங்கேயே கிடைக்கும்.

கரையில் கொனோபா என்ற குடும்ப உணவகங்கள் உண்டு. மீன் சாப்பிடுகிறவர்களுக்குச் சொர்க்கம். அடுப்பில் மூடிபோட்டு மேலே தணல் கொட்டிச் சமைக்கும் பேக்கா வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். சைவர்களுக்கு பிளித்வா, அதாவது ஒரு கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த மசியல், கிட்டத்தட்ட நம்ம வீட்டுக் கீரைதான். அப்புறம் அதே கீரையை மாவுக்குள் வைத்துச் சுட்ட சோபர்னிக், சுட்ட காய்கறி, பாஸ்தா. கருப்பு ரிசோட்டோ என்று மெனுவில் பார்த்தால் கவுனி அரிசி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அது கணவாய் மை. சில குடாக்களில் உணவகத்துக்குச் சொந்தமான மிதவை இருக்கும். அங்கே சாப்பிட்டால் இரவு நிறுத்தக் காசு கிடையாது.

டாய்லெட் எப்படி? தண்ணி ஊத்திக் கழுவ முடியுமா?

எல்லாரும் தயங்கித் தயங்கித் தனி மெசேஜில் கேட்பது இது. முடியும். பெரும்பாலான படகுகளில் கழிப்பறையே குளியலறையும்கூட, இழுத்து நீட்டும் ஷவர் குழாய் இருக்கும், கீழே தண்ணீரை வெளியேற்ற ஒரு பம்பு சுவிட்ச். ஆக, நம்மவர்களுக்கு ஹோட்டலைவிடச் சௌகரியம்.

கழிவுக் குழாய் குறுகலாகத்தான் இருக்கும். வாய் வழியாகப் போகாத எதுவும் அதற்குள் போகக்கூடாது, டிஷ்யூ உட்பட. எங்கள் வாண்டு ஒன்று ஈரத் துணித்தாளைப் போட்டுவிட்டான். பம்பு நின்றது, டெபாசிட்டில் 150 யூரோ போனது. மரீனா, குளிக்கும் குடா இரண்டிலும் கழிவுத் தொட்டியைத் திறக்கக்கூடாது.

தண்ணி தீந்துடுமா? போன் சார்ஜ்?

தொட்டியில் முந்நூறு முதல் ஐந்நூறு லிட்டர். எட்டுப் பேர் வீட்டில் குளிப்பதுபோலக் குளித்தால் இரண்டாம் நாளே காலி. கடலில் குளித்துவிட்டு, பின்பக்க ஷவரில் அரை நிமிடம் உப்பைக் கழுவுங்கள். குடிக்கத் தனியாகக் கேன் வாங்குங்கள். போனை என்ஜின் ஓடும்போது சார்ஜ் செய்யலாம். ஹேர் டிரையர், கெட்டில் எல்லாம் மரீனா கரண்டில் மட்டும்தான் ஓடும்.

நீலக் குகைக்குள்ள நம்ம படகுலயே போகலாமா?

முடியாது. விஸ் பக்கத்து பிஷேவோ தீவில் இருக்கிறது அந்தக் குகை. தண்ணீருக்கடியில் இருக்கும் ஒரு திறப்பு வழியாக வெயில் நுழைந்து, வெளிறிய தரையில் பட்டு, குகை முழுவதையும் நீலமாக்குகிறது. ஆள் நுழையும் வாய் 1884-ல் வெடிவைத்துத் திறந்தது, தலை குனிந்துதான் போக முடியும். காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் ஒளி நன்றாக இருக்கும். அங்கே இருக்கும் சின்னப் படகுகளில் மட்டும் அனுமதி. கோமிஷாவில் படகை விட்டுவிட்டு அவர்கள் படகிலேயே போய்வருவது நிம்மதி. யூகோ அடிக்கும் நாளில் மூடிவிடுவார்கள், அன்றைக்கு ஸ்கிப்பரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

சண்டைன்னு சொன்னீங்களே, காசு கொடுக்கிறது நாங்க, ‘இன்னிக்குப் போக முடியாது’ன்னு அவர் எப்படிச் சொல்லலாம்?

சொல்லலாம். படகுக்கும் அதில் இருக்கும் உயிர்களுக்கும் சட்டப்படி பொறுப்பு ஸ்கிப்பர்தான். எங்கே போகலாம் என்பது உங்கள் விருப்பம், போகலாமா வேண்டாமா என்பது அவர் முடிவு. 2017-ல் விஸ் போக வேண்டிய நாளில் எங்கள் ஸ்கிப்பர் மில்னாவிலேயே நிறுத்திவிட்டார். வெளியே வெயில் பளபளவென்று அடிக்க, உள்ளே நாங்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். மாலையில் விஸ் பக்கமிருந்து வந்த ஒரு படகில் பாய் கிழிந்து தொங்கியது. அவரிடம் ஒன்றும் பேசவில்லை, காபி போட்டுக் கொடுத்தோம்.

ஏதாவது ஆபத்துன்னா யாரைக் கூப்பிடறது?

ஸ்கிப்பரைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது ரேடியோ இயக்கத் தெரிய வேண்டும், விழுந்தது ஸ்கிப்பராகவே இருந்தால் என்ன செய்வீர்கள்? அவசர அழைப்பு விஎச்எஃப் 16-வது சேனலில். மூடிக்கு உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் படகு நிற்கும் இடத்தோடு அபாயச் செய்தி போகும். போனில் கடல் மீட்புக்கு 195, பொது அவசரத்துக்கு 112. முதல் நாளே இதை ஒரு தாளில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

டெபாசிட் இரண்டாயிரம், மூவாயிரம் யூரோன்னு கேட்கறாங்களே, திரும்பக் கிடைக்குமா?

எனக்கு நாலு முறை முழுசாகக் கிடைத்தது, ஐந்தாவதில் குறைந்த கதை மேலே இருக்கிறது. படகைக் கொடுக்கும்போது சாமான் பட்டியல் ஒன்று தருவார்கள். பயணக் களைப்பில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒருவர் கடைக்குப் போகட்டும், இரண்டு பேர் பட்டியலோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். கீறல்களை வீடியோ எடுங்கள். டிங்கியில், அதாவது கூடவே வரும் குட்டி ரப்பர் படகில், காற்று நிற்கிறதா, அதன் மோட்டார் ஓடுகிறதா, நங்கூர மோட்டார் ஏறி இறங்குகிறதா, குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். டெபாசிட்டுக்குப் பதில் ஒரு தொகை கட்டிக் காப்பீடு எடுக்கலாம், அது திரும்பி வராது. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் எடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலையிலதானே படகைத் திருப்பிக் கொடுக்கணும்? வெள்ளி ராத்திரியும் வெளியில தங்கலாமா?

ஒப்பந்தத்தைப் படியுங்கள். சனி காலை ஒன்பதுக்குள் இறங்க வேண்டும், ஆனால் படகு வெள்ளி மாலையே மரீனாவுக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். டீசல் தொட்டியை நிரப்பியும் கொடுக்க வேண்டும். வெள்ளி நாலு மணிக்கு டீசல் பங்க் முன்னால் முப்பது படகு வரிசையில் நிற்கும். கடலில் வரிசை என்றால் பிரேக் போட்டு நிற்பதில்லை, ஒருவரையொருவர் இடிக்காமல் வட்டம் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுநடுவே பெரிய ஃபெர்ரியும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்.

அதனால் வியாழன் இரவு ஸ்பிளிட்டிலிருந்து மூன்று நாலு மணி தூரத்துக்குள் இருங்கள். நாங்கள் வெள்ளி காலை ஆறரைக்கு ஸ்டாரி கிராட்டை விட்டுக் கிளம்பி, வழியில் ஷோல்தா தீவுக் கரையில் கடைசியாக ஒரு குளியல் போட்டு, பன்னிரண்டரைக்குப் பங்குக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் நாலே படகு.